பன்றி உழுத ஒன்றரை மா

என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து திரும்பியபோது அவருடைய வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை. பனி தின்றுவிட்டது என்றார். எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழியில் வைக்கோல் போரை நனைக்கும், கிழவர்களை இருமவைக்கும், அவ்வளவுதான். அது ஒரு மனுஷனின் விரலைத் தின்னும் என்று எனக்கு நம்ப வரவில்லை. "எலி கடிச்ச மாதிரி இருக்குங்க" என்றேன். சிரித்தார். திரும்பி வந்த அன்று அவர் சிரித்தது அது ஒன்றுதான்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குக் கிழக்கே இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரையோடு அரை மணி நேரம் நடக்க வேண்டும். என் அப்பாவும் அவருடைய அப்பாவும் பெரிய பண்ணையில் ஆட்கள். ஆள் என்றாலும் எங்கள் வீட்டுக்கு ஒரு பெயர் இருந்தது. வருஷத்தின் முதல் உழவுக்குப் பொன்னேர் கட்டுகிற அன்று முதல் ஏர் பிடிக்கிறவர் என் அப்பா. நான் நடவுக்கு இறங்கினால் கயிறு பிடிக்க வேண்டியதில்லை, வரிசை அப்படி நேராக இருக்கும். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமை எங்கள் குடும்பத்தை என்ன செய்தது என்று பிறகு எழுதப்போகிறேன்.

கலியாணமான ஆறாம் மாதம் அவர் பட்டாளத்துக்குப் போனார். அவர் ஐந்தாவது வரை படித்தவர், மாதம் ஒரு கடிதாசி எழுதுவார். தபால்காரர் எங்கள் தெருவுக்குள் வரமாட்டார். வாய்க்கால் மதகில் நின்று கூப்பிடுவார், நாங்கள் ஓடிப்போய் நிற்க வேண்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்கு அங்கேயே உரக்கப் படித்தும் காட்டுவார். என் புருஷன் எனக்கு எழுதியதை இன்னொரு ஆம்பளை வாயால், நாலு பேர் காதுபடக் கேட்பதா? "குடுங்க, நான் வீட்டுல படிச்சுக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். படிக்கத் தெரியாது. ஒன்பது கடிதாசி அப்படியே அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்தது. பிறகு செங்கொடிச் சங்கத்துக்காரர்கள் எங்கள் தெருவில் ஒரு கொட்டகை போட்டு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். நடவு முடிந்து வந்து, சேறு காயாத காலோடு போய் உட்கார்ந்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததும் அந்த ஒன்பதையும் எடுத்து ஒரே நாளில் படித்தேன். ஒவ்வொன்றிலும் கடைசி வரி ஒன்றேதான்: நீ ஏன் பதில் போடவில்லை?

அவர் வந்த சமயம் ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது. கறுப்பு சிவப்புக் கரை வேட்டிகள் எல்லாத் தெருவிலும் வந்துவிட்டன. உச்சவரம்புக்கு மேல் நிலம் வைத்திருப்பவர்களிடமிருந்து எடுத்து இல்லாதவர்களுக்குக் கொடுப்பதாகச் சட்டம் சொன்னது. பெரிய பண்ணை தன் நிலத்தை மச்சான் பேரிலும் மருமகள் பேரிலும் செத்துப்போன சித்தப்பா பேரிலும் எழுதி வைத்துக்கொண்டு, எதற்கும் ஆகாததை மட்டும் சர்க்காருக்கு விட்டது. அதில் மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர், முன்னாள் பட்டாளத்துக்காரர் என்று இவர் பேருக்குப் பட்டா ஆயிற்று.

எங்கள் வம்சத்தில் மண் சொந்தமானது அதுதான் முதல் தடவை. நாங்கள் இரண்டு பேரும் போய் அதைப் பார்த்தோம். வாய்க்காலின் கடைமடை, தண்ணீர் எல்லாருக்கும் போய்விட்டுக் கடைசியாக வரும் இடம். வரப்பு எது வயல் எது என்று தெரியாமல் முழங்கால் உயரத்துக்குக் கோரை. கோரையை மேலே அறுத்தால் அடுத்த வாரம் வந்துவிடும். கீழே கிழங்கு கிழங்காக ஓடியிருக்கும். அதைத் தோண்டி எடுக்காமல் அங்கே ஒரு மணி நெல் விளையாது. பட்டாவில் நிபந்தனை ஒன்றும் இருந்தது. ஒரு வருஷத்துக்குள் நிலத்தைப் பண்படுத்திச் சாகுபடிக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் பட்டா ரத்து.

ஏர் கட்ட எங்களிடம் மாடு இல்லை. அது கூலித் தகராறு நடந்த வருஷம். அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டதற்காகப் பண்ணைக்காரர்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். அடிதடி ஆயிற்று, போலீஸ் வந்தது. எங்கள் தெரு ஆம்பளைகளில் பாதிப் பேர் கேஸுக்குப் பயந்து ஊரிலேயே இல்லை. மாடு வைத்திருந்த குடியானவர்களிடம் இவர் போய்க் கேட்டார். பண்ணைக் காரியஸ்தர் அவர்களிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தார். "மாட்டுக்கு உடம்பு சரியில்ல பட்டாளம்" என்றார் ஒருவர். அவருடைய மாடுகள் இரண்டும் அவர் பின்னால் நின்று வைக்கோல் மென்றுகொண்டிருந்தன.

மாசி மாதம் ஒரு நாள் இவர் பட்டுக்கோட்டைப் பக்கம் போய்விட்டு ஒரு மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். வண்டியில் ஒரு வெள்ளை ஆண் பன்றி, இரண்டு பெட்டை, நாலு குட்டி.

"என்னங்க இது?"

"ஏர்" என்றார். "மாட்டுக்குத்தான் கலப்பை வேணும். இதுக்கு மூஞ்சியே கலப்பை."

"எங்கப்பன் மேழி புடிச்சவரு. பன்னி வால புடிச்சவரு இல்ல."

"நான் புடிச்சுக்கிறேன். நீ பேசாம இரு."

பட்டாளத்தில் அவர் அசாமைத் தாண்டி மலைப்பக்கம் இருந்திருக்கிறார். அங்கே ஜனங்கள் வீட்டுக்குக் கீழேயே பன்றி வளர்ப்பார்களாம், கலியாணச் சீரில் பன்றி வைப்பார்களாம், யாரும் மூக்கைப் பொத்த மாட்டார்களாம். இதையெல்லாம் எனக்குப் பல தடவை சொன்னார். எனக்கு அது காதில் ஏறவில்லை. எங்கள் பக்கத்தில் பன்றி மேய்ப்பது வேறு ஜனத்தின் வேலை. நாங்கள் வயலில் நிற்கிறவர்கள். எங்களை ஒதுக்கினவர்கள் ஒரு பக்கம் இருந்தாலும், நாங்கள் ஒதுக்குவதற்கும் எங்களுக்கு ஆட்கள் இருந்தார்கள்.

என் அண்ணன் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டான். டீக்கடையில் எங்களுக்குத் தனிக் குவளை வைத்ததை எதிர்த்துச் சண்டை போட்டு மண்டை உடைந்தவன் அவன். பிள்ளைகள் இவருக்குப் 'பன்னிப் பட்டாளம்' என்று பேர் வைத்தார்கள். தெருவுக்குள் பன்றி கூடாது என்று சொன்னதால் நாங்கள் வயலோரம் ஒரு குடிசை போட்டுக்கொண்டு வந்துவிட்டோம். அன்றிலிருந்து எங்கள் வாசலுக்கு யாரும் தற்செயலாக வந்தது கிடையாது. நானும் யாரையும் வா என்று கூப்பிடவில்லை.

அவர் செய்த வேலையை மட்டும் இப்போது ஒளிக்காமல் எழுதுகிறேன். அறுப்பு முடிந்த வயல்களில் ராமநாதபுரத்துக்காரர்கள் வந்து ஆட்டுக்கிடை போடுவார்கள் அல்லவா, அந்த மாதிரி மூங்கில் தட்டி பின்னி, நாலு பக்கம் நிறுத்தி, ஒரு வீட்டு அளவு இடத்தை மட்டும் அடைத்தார். உள்ளே கடப்பாரையால் ஒரு முழத்துக்கு ஒரு துளை போட்டார். ஒவ்வொரு துளையிலும் ஊறவைத்த தவிடு ஒரு பிடி. பிறகு பன்றிகளைத் திறந்துவிட்டார். தவிட்டைத் தேடி மூக்கை விட்டவை, தவிட்டுக்குக் கீழே கோரைக் கிழங்கைக் கண்டுபிடித்தன. அதன் பிறகு அவற்றை நிறுத்த ஆள் இல்லை. வேரோடு, கிழங்கோடு, புழுவோடு கிண்டித் தின்றன. மண்ணில் ஈரம் இருந்தது. இரண்டு நாளில் அந்த இடம் கிளறின கேப்பைக் களி மாதிரி ஆகிவிட்டது. தட்டியைப் பெயர்த்து அடுத்த இடத்தில் நிறுத்துவார். அவற்றோடு இந்தியில்தான் பேசுவார். 'சலோ' என்றால் நகரும், 'பஸ்' என்றால் நிற்கும். பங்குனி முடிகிறபோது ஒன்றரை மா முடிந்திருந்தது. கோரை நின்ற பாதியும் கிண்டின பாதியும் கத்தியால் கோடு போட்ட மாதிரி பிரிந்து தெரியும். நான் தண்ணீர் எடுக்கப் போகும்போது ஓரக்கண்ணால் பார்ப்பேன். என் அப்பா பார்த்திருந்தால் கையில் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்திருப்பார். எனக்கு அது தெரியும். என் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை.

அதற்குள் காரியஸ்தர் மனுப் போட்டுவிட்டார். பட்டா வாங்கியவர் சாகுபடி செய்யவில்லை, பன்றி அடைக்கிறார், வாய்க்கால் தண்ணீர் கெடுகிறது, பட்டாவை ரத்து செய்ய வேண்டும் என்று. தணிக்கைக்கு அதிகாரி வருவதாகத் தாலுகா கச்சேரியிலிருந்து தாக்கல் வந்தது.

இவர் பயப்படவில்லை. "வரட்டும். கண்ணால பாக்கட்டும். பாத்தா எந்த மனுஷனும் ஒத்துக்குவான்" என்றார். அதிகாரி வருவதற்கு முதல் நாள் தட்டியைக் கோரைக்கும் கிண்டின மண்ணுக்கும் சரி நடுவில் நிறுத்தினார். மறுநாள் காலையில் கடப்பாரைத் துளை போட்டுத் தவிடும் வைத்துவிட்டார். பன்றிகளைப் பக்கத்துப் பட்டியில் பட்டினியாக அடைத்தார். "நான் ரோட்டுக்குப் போயி அவர அழைச்சுக்கிட்டு வர்றேன். நாங்க கரையில வர்றது தெரிஞ்சதும் பட்டியத் தொறந்துவிடு. அவ்வளவுதான் உன் வேல. தொறந்துவிட்டுட்டு நீ குடிசைக்குள்ள போயிக்க, உன்ன யாரும் பாக்க வேணாம்." என் வெட்கம் அவருக்குத் தெரியும். அதற்கும் சேர்த்துத்தான் ஏற்பாடு செய்திருந்தார்.

சவரம் செய்து, சட்டையில் மெடல் இரண்டைக் குத்திக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் என் அண்ணியும் தெருப் பெண்கள் இரண்டு பேரும் வேடிக்கை பார்க்க வந்து கரையில் நின்றார்கள். குடிசைக்கு வரவில்லை, கரையோடு சரி.

"என்ன நாத்தனாரே, ஆபீசருக்குப் பன்னியக் காட்டியா பட்டாவக் காப்பாத்தப் போறீங்க?" என்றாள் அண்ணி. "எங்க மாமா ஏர் புடிச்சா ஊரே நின்னு பாக்கும். மருமவன் பன்னி புடிக்கிறத இன்னிக்குச் சர்க்காரே வந்து பாக்குது."

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள்.

எனக்கு உச்சந்தலை சுட்டது. அண்ணி சொன்னதைவிட, அந்த அதிகாரி தன் ஊருக்குப் போய்ச் சொல்லப்போவதை நினைத்தேன். கச்சேரியில் எல்லாரும் மேசையைத் தட்டிச் சிரிப்பதை நினைத்தேன். என் அப்பாவின் மகள் பன்றிப்பட்டி திறந்துவிட்டாள் என்று எங்கேயோ ஒரு கணக்கில் ஏறப்போகிறது. நிலம் கிண்டித்தானே கிடக்கிறது, எது கிண்டினால் என்ன, மாடு உழுதது என்று சொல்லிவிட்டால் போயிற்று என்று தோன்றியது. அப்போது அது எனக்கு நல்ல புத்தியாகவே தெரிந்தது.

பட்டியைத் திறந்தேன். வேப்பங்குச்சியால் ஓட்டினேன், ஒன்றும் நகரவில்லை. கல் எறிந்தேன். ஆண் பன்றி என்னைத் திரும்பிப் பார்த்தது. கடைசியில் வெட்கத்தை விட்டு, மெதுவாக, "சலோ" என்றேன். எல்லாம் நகர்ந்தன. வாய்க்காலைத் தாண்டி, ஆற்றுப் படுகையில் மூங்கில் குத்துக்கு நடுவே கொண்டு போய் அடைத்துவிட்டு ஓடி வந்தேன். தட்டிகளைப் பிரித்துக் குடிசைக்குப் பின்னால் போட்டேன். துளைகளைக் காலால் மூடினேன்.

பிறகு அண்ணியிடம் போய், "அப்பா கலப்பை உங்க வீட்டுலதானே கெடக்கு, எடுத்தாங்க" என்றேன். அவளுக்கும் இது பிடித்துவிட்டது. மூன்று பெண்களும் தூக்கி வந்தார்கள். கலப்பை நுனியில் கொழு இல்லை. இரும்பு அல்லவா, என் அண்ணன் எப்போதோ கழற்றி எடுத்திருக்கிறான். கொழு இல்லாத கலப்பை மண்ணைக் கீறாது என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? வெளியே தெரியாதபடி கிண்டின மண்ணில் ஆழமாக அழுத்தி நட்டுவைத்தேன். கலியாணச் சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு வரப்பில் நின்றேன்.

குடை பிடித்துக்கொண்டு அதிகாரி வந்தார். கணக்கப்பிள்ளை, தலையாரி, காரியஸ்தர், எல்லாருக்கும் முன்னால் என் வீட்டுக்காரர். விரல் போனதிலிருந்து அவர் நடை ஒரு பக்கம் சாயும். அன்று சாயாமல் நடந்தார். கரை திரும்பியதும் நின்றார். வயலைப் பார்த்தார், கலப்பையைப் பார்த்தார், சேலையோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"பன்னி இருக்குன்னு மனு வந்திருக்கே, எங்க?" என்றார் அதிகாரி.

"நேத்துகூட இங்கதான் சார் உறுமிக்கிட்டு இருந்துச்சு" என்றார் காரியஸ்தர்.

அதிகாரி கெட்டவர் இல்லை. குனிந்து மண்ணைப் பார்த்தார். "கிண்டியிருக்கே. யாரும்மா உழுதது?" என்று என்னைக் கேட்டார்.

"நாங்கதாங்க. ஏர் கட்டி உழுதோம்."

"ஏர் போன சால் ஒண்ணும் தெரியலையே. யார் மாடு?"

"எரவல் மாடுங்க."

"யார்கிட்ட எரவல்?"

நான் வாய்க்காலைப் பார்த்தேன். காரியஸ்தர் செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கிப் போய்க் கலப்பையை ஒரு கையால் பிடுங்கி எடுத்தார். உயரத் தூக்கிக் காட்டினார்.

"கொழுவே இல்ல சார்! இத வச்சு மோருதான் கடையலாம்."

தலையாரி சிரித்தார். கணக்கப்பிள்ளை சிரித்தார். கரையில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். அண்ணியின் சிரிப்பை எனக்குத் தனியாகத் தெரியும்.

அதிகாரி சிரிக்கவில்லை. "நீங்க ராணுவத்துல இருந்தவரு. நீங்க சொல்லுங்க. உங்க சம்சாரம் சொல்றது நெஜமா?" என்று இவரைக் கேட்டார்.

பன்றிகள் படுகையில் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு சத்தம் கொடுத்தால் போதும், வந்துவிடும். 'இவ வெக்கப்பட்டு ஓட்டிவிட்டா சார், பொய் சொல்றா, நான் காட்டுறேன் வாங்க' என்று சொல்லியிருக்கலாம். நான் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி, பட்டாளத்தில் நிற்கிற மாதிரி நேராக நின்றார்.

"மண்ணு கிண்டியிருக்கு சார்" என்றார்.

"எதால கிண்டினீங்க?"

பதில் சொல்லவில்லை. அதிகாரி இன்னொரு தடவை கேட்டார். அதற்கும் சொல்லவில்லை. "எதால உழுததுன்னு சொல்லாம, உழுததா நான் எப்படி எழுதுறது?" என்று அலுத்துக்கொண்டு, தலையாரி முதுகில் காகிதத்தை வைத்து அதிகாரி எழுதினார். 'நிலம் பண்படுத்தப்படவில்லை. சாகுபடி செய்யவில்லை.'

பன்றி அங்கே இருந்திருந்தால் மட்டும் அவர் நம்பியிருப்பாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காறித் துப்பிவிட்டும் போயிருக்கலாம். ஆனால் பார்க்கும்படி விட்டிருக்க வேண்டும். அதை நான் விடவில்லை.

சாயங்காலம் இவர் படுகைக்குப் போய்ப் பன்றிகளை ஓட்டி வந்தார். "தண்ணி காட்டினியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வாளியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார். அவர் திட்டுவார் என்று அன்று காத்திருந்தேன், மறுநாள் காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், அழுதிருப்பேன், அதோடு போயிருக்கும். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. என்னை மன்னித்துவிடுங்கள் என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை. ஒரு குடிசைக்குள் இரண்டு பேர் இருந்தோம். மழையைப் பேசினோம், தவிட்டைப் பேசினோம். அந்த ஒன்றை மட்டும் சுற்றிக்கொண்டு போனோம், பாதையில் கிடக்கிற பாம்புச் சட்டையைச் சுற்றிப்போகிற மாதிரி.

பட்டா ரத்தான காகிதம் வந்தது. மதகில் போய் வாங்கி, நான்தான் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னேன்.

நாங்கள் படுகைக்குப் போனோம். ஆற்றுப் புறம்போக்கு, யாருக்கும் சொந்தமில்லை. வெள்ளம் வந்தால் மேட்டுக்கு ஏறுவோம், வடிந்தால் இறங்குவோம். நாற்பது வருஷத்துக்கு மேல் அங்கே பன்றி வளர்த்தார். விடியுமுன் எழுந்துவிடுவார். முகம் மழித்து, பூட்சுக்குப் பாலிஷ் போட்டு, அதன் பிறகு பட்டிக்குள் போவார். "பன்னிக்கு எதுக்குங்க பாலிஷ்?" என்றால், "அதுவும் பாக்குதுல்ல" என்பார். பெட்டை ஈனும்போது பக்கத்தில் உட்கார்ந்து, தாய் உருண்டு நசுக்காமல் ஒவ்வொரு குட்டியாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வார். எங்களுக்கு ஒரே மகள். அவளை அந்தப் பன்றிகள்தான் நர்சுக்குப் படிக்க வைத்தன. அப்பா என்ன செய்கிறார் என்று ஹாஸ்டலில் கேட்டால், ரிடையர்டு மிலிட்டரி என்பாளாம். என் மகள்தானே. இப்போது வெளியூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும்.

வருஷம் தவறாமல் வைகாசியில் அவர் ஜமாபந்திக்குப் போவார். வருஷத்துக்கு ஒரு தடவை கச்சேரியில் நிலக் கணக்கெல்லாம் பார்த்து ஜனங்களின் மனு வாங்குகிற நாட்கள் அவை. வேப்பமரத்தடியில் மனு எழுதுகிறவரிடம் எழுதிவாங்கி, மெடலைக் குத்திக்கொண்டு வரிசையில் நிற்பார். முதல் சில வருஷம் நிலத்தைத் திருப்பிக் கேட்டார். பிறகு அந்த மூன்று மாவை எங்கள் தெருவிலேயே நாலு பிள்ளைக்காரன் ஒருவனுக்குக் கொடுத்தார்கள். கூலிச் சண்டை ஓய்ந்து, எல்லாரும் சேர்ந்து ஏர் கட்டிய காலம் அது. பாதி நிலம் ஏற்கெனவே கோரை போய்ச் சுத்தமாக இருந்ததாக அவன் சொன்னானாம். அதன் பிறகும் இவர் மனுக் கொடுப்பதை நிறுத்தவில்லை.

"நெலந்தான் ஒருத்தன்கிட்ட போயிடுச்சே, இன்னும் என்னத்தக் கேக்குறீங்க?" என்றேன் ஒரு தடவை.

"நெலம் வேணாம். சாகுபடி செய்யலன்னு எழுதியிருக்குல்ல, அத அடிக்கணும்" என்றார். "நான் சாகுபடி செஞ்சேன்."

எண்பதைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் மங்கிவிட்டன. வேப்பமரத்தடிக்காரரும் செத்துப்போனார். போன வருஷம் பங்குனியில், "மனு நீ எழுது" என்றார்.

"என் எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும்."

"பரவால்ல. நான் சொல்லச் சொல்ல எழுது."

விலாசம் சொன்னார், சர்வே நம்பர் சொன்னார். ஒரு வரி எழுத எனக்கு ஒரு வெற்றிலை போடுகிற நேரம் ஆகும். பொறுமையாக இருந்தார். பிறகு சொன்னார்: "மேற்படி தணிக்கை நாளன்று பன்றிகளைப் படுகைக்கு ஓட்டிச் சென்றதும், பழுதான கலப்பையை வயலில் வைத்ததும் என்னுடைய குற்றம். என் மனைவிக்கு இதில் சம்பந்தமில்லை."

என் கை நின்றுவிட்டது.

"எழுதிட்டியா?"

"வருஷா வருஷம் இப்படியா எழுதினீங்க?"

"மரத்தடிக்காரருக்கு இது மனப்பாடம்."

"நான்தானேங்க ஓட்டுனேன். இது பொய்யில்லையா?"

"ஒரு பொய்யில போன நெலம். இன்னொரு பொய்யில திரும்புதான்னு பாத்தேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நாற்பது வருஷத்துக்குப் பிறகு அந்த நாளைப் பற்றி எங்களுக்குள் வந்த முதல் பேச்சு அது.

நான் வேறு காகிதம் எடுத்தேன். "என்ன சத்தமே காணும்?" என்றார். "எழுதுறேன்" என்றேன். எழுதி முடிக்கப் பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. பிறகு உரக்கப் படித்தேன். 'அன்று பன்றியை ஓட்டியது இவர் சம்சாரமாகிய நான். வெட்கப்பட்டு ஓட்டினேன். கலப்பை வைத்ததும் நான். அதிகாரியிடம் பொய் சொன்னதும் நான். என் புருஷன் ஒன்றரை மா நிலத்தைப் பன்றியால் நன்றாக உழுதார். நான் தினம் பார்த்தேன்.'

அவர் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கித் தடவிப் பார்த்தார். கோபமோ என்று நினைத்தேன்.

"நன்றாகன்னு எழுதியிருக்கியா?" என்றார்.

"ஆமாங்க."

"எங்க கையெழுத்துப் போடணும்? வெரல வச்சுக் காட்டு."

அவர் விரலைப் பிடித்து இடத்தில் வைத்தேன். போட்ட கையெழுத்து சாய்ந்து ஏறி என் வரிமேல் போய் முட்டியது. அவர் பேருக்குக் கீழே என் பேரையும் எழுதினேன்.

சித்திரையில் போய்ச் சேர்ந்துவிட்டார். மூன்று நாள் காய்ச்சல். மகள் வந்தாள், பதினாறு முடித்துப் போனாள். என்னையும் கூப்பிட்டாள். பன்றி இருக்கிறது, எப்படி வருவது என்றேன்.

வைகாசியில் நான் ஜமாபந்திக்குப் போனேன். அதிகாரி ஒரு பெண், என் மகளைவிடச் சின்னவள். காகிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

"இவர் வரலையா பாட்டி?"

"செத்துட்டாரு. நான் சம்சாரம்."

"நிலம் கேக்குறீங்களா?"

"இல்லைங்க. சாகுபடி செய்யலன்னு எழுதினத அடிக்கணும்."

"அவ்வளவு பழைய கணக்குல அடிக்கவோ திருத்தவோ முடியாது பாட்டி" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "இந்த மனுவ அந்த ஃபைல்ல சேக்கலாம். யார் எடுத்துப் பாத்தாலும் ரெண்டும் இருக்கும்."

"சேக்குறத நான் பாக்கணும்."

அழைத்துப் போய்க் காட்டச் சொல்லி என்னை ஒரு குமாஸ்தாவிடம் விட்டாள். அவர் உள்ளே போய்த் தேடி எடுத்து வர மத்தியானம் ஆயிற்று. தூசி தட்டி மேசைமேல் வைத்தார். இவருடைய மனுக்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. காகிதம்தான் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் பழுத்திருந்தது. குமாஸ்தா என் காகிதத்தைப் பார்த்து, "எழுத்து புரியலையே பாட்டி, என்ன எழுதியிருக்கு?" என்றார். அங்கே பெஞ்சில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாங்கி, அவர்களுக்கும் கேட்கும்படி படித்தேன். எல்லாவற்றையும் படித்தேன். குமாஸ்தா ஓரத்தில் துளை போட்டு, நூலைக் கோத்து, எல்லாவற்றுக்கும் மேலே வைத்து முடிச்சுப் போட்டார்.

பெஞ்சில் இருந்த ஓர் ஆள், பட்டா மாறுதலுக்கு வந்தவர்போல, "பன்னி நெசமாவே உழுமாம்மா?" என்று கேட்டார்.

"உழும்" என்றேன். "கோரைக் கிழங்கு இருந்தா மாட்டைவிட நல்லா உழும்." அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தட்டி எப்படி நிறுத்த வேண்டும், கடப்பாரைத் துளை எத்தனை முழத்துக்கு ஒன்று, தவிடு எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். கவனமாகத்தான் கேட்டார். பாதியில் அவர் பேரைக் கூப்பிட்டார்கள், காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். மீதி எனக்குள்ளேயே இருந்தது. சொல்வதற்கு இடமும் வலமும் பார்த்தேன். பிறகு, போய்த் தீனி வைக்க வேண்டும் என்று எழுந்து பஸ்ஸுக்கு நடந்தேன்.